பிஞ்ச் ஹார்மோனிக்: மதுரைப் பக்கத்துக் கிட்டார் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டார் கம்பியை அடிக்கும்போதே கட்டைவிரல் ஓரத்தால லேசா உரசி, கீச்சுன்னு ஒரு உச்சச் சுரத்தை எழுப்புறதுதான் பிஞ்ச் ஹார்மோனிக். அதைப் பத்தி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மேலூர்த் தம்பி: அண்ணே, கீச்சுன்னு வரமாட்டேங்குது. 'டொக்'குன்னு அடைச்ச சத்தம்தான் வருது.

பிக்கின் (கம்பியை அடிக்கிற சின்ன வில்லை) நுனி மட்டும் விரல்களுக்கு வெளியே தெரியட்டும், தம்பி. பிக் கம்பியைத் தாண்டினதுமே கட்டைவிரல் ஓரம் அதே கம்பியை உரசிட்டு உடனே விலகணும். விரல் தங்கிட்டா சத்தம் அடைச்சுரும்.

உசிலம்பட்டித் தம்பி: 5-ஆம் ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகப் பட்டை) வருது. 12-க்குப் போய் அதே இடத்துல அடிச்சா வரலையே?

அதே இடத்துல அடிச்சதாலதான் வரலை! அழுத்துற ஃப்ரெட்டுலேருந்து பிரிட்ஜ் (வலக்கைப் பக்கம் கம்பியைத் தாங்குற பாலம்) வரைக்கும்தான் கம்பி அதிருது. அந்த நீளத்தைச் சமபங்கு போடுற புள்ளியில விரல் படணும். ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கிற எலெக்ட்ரிக் கிட்டார்ல முழுக் கம்பி 648 மி.மீ. 5-ஆம் ஃப்ரெட்ல மிச்சம் சுமார் 485. அதுல கால்பங்கு, பிரிட்ஜிலேருந்து சுமார் 121. 12-ல மிச்சம் 324, கால்பங்கு 81. அப்போ வலக்கை நாலு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் வரணும்.

எந்தப் புள்ளின்னு தெரிஞ்சு தொடுறதுதான் எனக்கு முக்கியம். நாலில் ஒன்றில் அழுத்தின சுரமே ரெண்டு ஸ்தாயி மேல கேட்கும். ஆறில் ஒன்றில் அதுக்குப் பஞ்சமம். ஐந்தில் ஒன்றில் அந்தர காந்தாரம், தம்புராவின் மந்தரக் கம்பியில தானா ஒலிக்குமே, அதே காந்தாரம். மைனர் கார்டுல இருக்கிறது சாதாரண காந்தாரம், அதனால அதோட மூல சுரத்துல இதை எழுப்பினா உறுத்தும். அங்கே மத்த ரெண்டும் போதும்.

கோரிப்பாளையத் தங்கை: சர்ச்ல டிஸ்டார்ஷன் (கரகரப்பு எஃபெக்ட்) போட முடியாதுண்ணே. அது இல்லாத கிளீன் சத்தத்துல வருமா?

வரும்மா, சன்னமா. டிஸ்டார்ஷன் மெல்லிய மேல்சுரங்களைத் தூக்கிக் காட்டும். அது இல்லாதப்போ பிரிட்ஜ் பக்கத்துல கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பும், சத்தத்தைச் சமப்படுத்துற கம்ப்ரெஸரும் வச்சுக்கோங்க.

திருமங்கலத் தம்பி: கீச்சு நல்லா வர, புது எஃபெக்ட் பெடல் வாங்கவா?

முதல்ல கம்பியை மாத்துங்க. நம்ம வெயில்ல வேர்த்த கை பட்டுப் பட்டுக் கம்பி மங்கிரும். பளிச்சுன்னு கேட்கிற மேல்சுரங்கள்தான் முதல்ல போகும். வாசிச்சதும் துடைச்சு வைங்க.

பழங்காநத்தம், கச்சேரி கிட்டார்காரர்: எனக்கு வருது, ஆனா உயிரில்லை. ராக் கிட்டார்காரர் ஸாக் வைல்ட் கையில கதறுதே?

உங்க இடக்கையைப் பாருங்க, தம்பி. அவர் கம்பியை அகலமா ஆட்டுறார். கதறல் அங்கேருந்துதான் வருது. ZZ டாப் குழுவோட பில்லி கிப்பன்ஸ் ப்ளூஸ் வரிக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் கிள்ளிட்டுப் போவார், அதுவும் பேசும். கீச்சு எழும்பினதும் ஆட்டாதீங்க. கொஞ்சம் நிக்க விடுங்க, அப்புறம் மெதுவா அசைங்க, பிறகு அகலப்படுத்துங்க. மீனாட்சியம்மன் கோயில்ல நாதஸ்வரக்காரர் கார்வையில எப்போ அசைவைத் தொடங்குறார்னு ஒரு சாயங்காலம் நின்னு கேளுங்க.

மேலூர்த் தம்பி: எங்கேருந்து பழகட்டும்ணே?

மூணாவது கம்பி, 5-ஆம் ஃப்ரெட். வலக்கையை மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நகர்த்திக்கிட்டே அடிங்க. எங்கே எந்தச் சுரம் வருதுன்னு வாயால பாடிப் பாருங்க.