மின்சார சைக்கிளில் மோட்டாரே தள்ளும்போது கியர் எதற்கு? எப்போது மாற்றுவது?

கேள்வி: புதிதாக மின்சார சைக்கிள் வாங்கியிருக்கிறேன். வலது கையில் 7 கியர், இடது கையில் 5 அசிஸ்ட் நிலைகள். எதை எப்போது மாற்றுவது என்று புரியவில்லை. மோட்டார் இருக்கும்போது கியர் எதற்கு? மேட்டில் கியரை மாற்றினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வேறு வருகிறது. எதையாவது உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

இடது கையில் இருக்கும் பொத்தான்கள் மோட்டாருக்கு, வலது கையில் இருக்கும் கியர் உங்கள் காலுக்கு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், அசிஸ்டைக் கூட்டினாலும் மிதிப்பது லேசாகிறது, கியரைக் குறைத்தாலும் மிதிப்பது லேசாகிறது. அதனால் இரண்டும் ஒரே வேலைதான் போல என்று நினைத்து, நிறையப் பேர் அசிஸ்டை மட்டும் தட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். கியர் பாட்டுக்கு ஏழிலேயே கிடக்கும்.

அசிஸ்ட் என்பது நீங்கள் மிதிப்பதோடு மோட்டார் எவ்வளவு பலம் சேர்க்க வேண்டும் என்பது. கியர் என்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போக உங்கள் கால் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. கொஞ்சம் கணக்குப் போட்டால் இது பளிச்சென்று புரியும்.

முன்னால் 42 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்தில் 28, சிறியதில் 14 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில், அதாவது பின்னால் 28 பல்லில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். ஏழாம் கியரில் மூன்று சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், ஒரு மிதிச்சுற்றுக்கு முதல் கியரில் 3.15 மீட்டர், ஏழில் 6.3 மீட்டர் நகர்வீர்கள். இப்போது ஒரு மேட்டில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. ஏழாம் கியரில் இருந்தால் உங்கள் கால்கள் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 26 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படியேறுவது மாதிரி முழங்காலைப் பிடிக்கும். முதல் கியரில் இருந்தால் 53 சுற்று. மூச்சு கொஞ்சம் வாங்கும், முழங்கால் தப்பிக்கும். அதே முதல் கியரை வைத்துக்கொண்டு சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போக நினைத்தால் நிமிடத்துக்கு 132 சுற்று மிதிக்க வேண்டும். சீட்டில் உட்கார முடியாமல் இடுப்பு துள்ளும்.

சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று சௌகரியமாக இருக்கும். இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 15 விநாடியில் உங்கள் வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15-க்கும் 20-க்கும் நடுவில் இருந்தால் சரியான கியரில் இருக்கிறீர்கள். அதற்குக் கீழே போனால் கியரைக் குறையுங்கள், மேலே போனால் கூட்டுங்கள். கியர் விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான். கியர் எண்ணைப் பார்த்து ஓட்டாதீர்கள். 'சமதரைக்கு 5, மேட்டுக்கு 2' என்றெல்லாம் மனப்பாடம் செய்தால், எதிர்காற்று அடிக்கும் நாளில் அந்தப் பாடம் உதவாது.

மோட்டாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அது எவ்வளவு என்பது மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் வாங்கியது எந்த வகை என்று சொல்லவில்லை, அதனால் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் நடுவில் தடிமனான உருளை மாதிரி இருந்தால் அது ஹப் மோட்டார். பெடல்கள் சேரும் இடத்தில் பெட்டி மாதிரி புடைத்திருந்தால் அது மிட் டிரைவ், நடு மோட்டார்.

நடு மோட்டார் தன் பலத்தையும் உங்கள் செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஆகவே நீங்கள் போடும் கியர்தான் அதற்கும் கியர். ஏழாம் கியரில் முக்கி முக்கி மேடேறினால் மோட்டாரும் சேர்ந்து முக்கும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் மின்சாரத்தில் பெரும் பங்கை வெப்பமாக வீணடிக்கும். கியரைக் குறைத்துக் காலைச் சுறுசுறுப்பாகச் சுற்றவிட்டால் அதே மோட்டார் அநாயாசமாக ஏறும், சார்ஜும் மிஞ்சும். ஹப் மோட்டார் சக்கரத்தையே நேரடியாகச் சுற்றுவதால் உங்கள் கியரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் சக்கரம் ரொம்ப மெதுவாகச் சுற்றினால் அதற்கும் சூடுதான். நீங்கள் சரியான கியரில் மிதித்து வேகத்தை விழாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் பிழைத்துக்கொள்ளும்.

என்னுடையது நடு மோட்டார், என் அண்ணியுடையது ஹப் மோட்டார். இரண்டையும் ஒரே மேட்டில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் காலிலேயே தெரிகிறது. என்னுடையதில் கியரைக் குறைத்த உடனே மோட்டாரின் ஒலி மாறி, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது தெரியும். அவருடையதில் மோட்டார் எப்போதும்போல ஒரே மாதிரி முனகும், கால் மட்டும் லேசாகும்.

இனி உங்கள் 'கடக்' சத்தம். மோட்டார் பைக் ஓட்டிப் பழகியவராக இருந்தால் இதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: சைக்கிளில் கிளட்ச் கிடையாது, உங்கள் கால்தான் கிளட்ச். பைக்கில் கிளட்சைப் பிடிக்காமல் யாராவது கியர் மாற்றுவார்களா? செயின் ஒரு பற்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பற்சக்கரத்துக்கு ஏற, பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் செயினில் இழுவிசை அதிகம் இருக்கக்கூடாது. பின் பற்சக்கரங்களை உற்றுப் பார்த்தால் சில பற்கள் மட்டும் குட்டையாக, சரிவாகச் செதுக்கியிருப்பது தெரியும். செயின் அந்த இடங்களில்தான் சுலபமாக ஏறும். நீங்கள் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தால், செயின் பாதி இங்கே பாதி அங்கே என்று விறைத்து நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவும். அந்தத் தாவல்தான் 'கடக்'.

ஒன்றிரண்டு முறை கேட்டதற்காக எதுவும் உடைந்துவிடாது, பயப்படாதீர்கள். தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் செயினும் பற்களும் சீக்கிரம் தேயும். நடு மோட்டாரில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் அங்கே உங்கள் பலத்தோடு மோட்டாரின் பலமும் அதே செயினில் ஏறுகிறது.

சரி, எப்படி மாற்றுவது? கால் சுற்றுவதை நிறுத்தாமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். பெடல்மேல் பாதம் சும்மா ஒட்டிக்கொண்டு போகிற அளவுக்கு. அப்போது லீவரை ஒரே ஒரு தட்டு. பெடல் அரைச் சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று சுற்றுவதற்குள் செயின் 'டிக்' என்று மெல்ல உட்காரும். உட்கார்ந்த பிறகு அழுத்தலாம். மூன்று கியர் குறைய வேண்டுமானால் மூன்று தட்டையும் ஒரே மூச்சில் அடிக்காமல், ஒவ்வொன்றாக உட்காரவிட்டு அடுத்ததைத் தட்டுங்கள். மாற்றும்போது பின்னோக்கி மிதிக்கவே கூடாது, செயின் கழன்றுவிடலாம்.

நடு மோட்டாரில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் காலைத் தளர்த்தினாலும் மோட்டார் ஒரு கணம் தாமதித்துத்தான் தளரும். சில மோட்டார்கள் கியர் மாறுவதைத் தாமாகவே உணர்ந்து அந்தக் கணத்தில் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். உங்களுடையதில் அந்த வசதி இல்லை, ஆனால் பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் அணையும் சுவிட்ச் இருக்கிறது என்றால், பிரேக் பிடிக்காத அளவுக்கு லீவரை லேசாகத் தொட்டுக்கொண்டு கியரை மாற்றுங்கள். வெண்ணெயாக மாறும்.

பழகுவதற்கு ஆள் இல்லாத சமதரை போதும். அசிஸ்டை 1-இல் வைத்து, ஏழிலிருந்து ஒன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுக்கும் போய் வாருங்கள். முழு அசிஸ்டில் பழகாதீர்கள், மோட்டார் தள்ளும் தள்ளில் கியரின் வித்தியாசமே காலுக்குத் தெரியாது. எந்த லீவர் எதற்கு என்பதும் இதிலேயே கைக்கு வந்துவிடும். கியர் மாற்ற இரண்டு லீவர்கள் உள்ள கைப்பிடி அமைப்பை ட்ரிகர் ஷிஃப்டர் என்பார்கள். வலது கையில் இருக்கும் பெரும்பாலான ட்ரிகர் ஷிஃப்டர்களில் கட்டைவிரலால் தள்ளும் பெரிய லீவர் கியரைக் குறைக்கும், சிறிய லீவர் கூட்டும்.

அப்புறம் மேடு. மேட்டில் கியர் மாற்றுவது மேடு தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை. ஏற்றம் கண்ணுக்குத் தெரிந்ததும், கால் இன்னும் லேசாக இருக்கும்போதே ஒன்றிரண்டு குறைத்துவிடுங்கள். ஏற ஏற, கால் மந்தமாவதற்குள் இன்னொன்று. முதல் கியருக்கு வந்தும் போதவில்லை என்றால் அப்போது அசிஸ்டைக் கூட்டுங்கள். முதலில் கியர், பிறகு அசிஸ்ட். இந்த வரிசையில் போனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் கூடுவதை நீங்களே பார்க்கலாம்.

ஏழாம் கியரிலேயே நடுமேட்டில் மாட்டிக்கொண்டால்? இரண்டு மிதி ஓங்கி மிதித்துக் கொஞ்சம் வேகம் எடுங்கள், உடனே அரைச் சுற்று தளர்த்தி ஒரு தட்டு. மறுபடி அதே மாதிரி. ஹப் மோட்டாரும் கையால் திருகும் த்ராட்டிலும் இருந்தால் இன்னும் சுலபம்: த்ராட்டில் சைக்கிளை இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் சும்மா பெடலைச் சுற்றிக்கொண்டே கியரை இறக்கிவிடலாம். நின்றே போய்விட்டால் இறங்கி, மோட்டாரை அணைத்து, சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றியபடி முதல் கியருக்குக் கொண்டுவாருங்கள். அணைக்காமல் மட்டும் தூக்காதீர்கள். பெடல் அசைவதை உணர்ந்து மோட்டார் திடீரென்று சக்கரத்தைச் சுற்றிவிடலாம்.

சிக்னலில் நிற்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே மிதித்துக்கொண்டே இரண்டு மூன்று கியர் குறைத்துக்கொண்டு நில்லுங்கள். ஏழில் நின்றுவிட்டால் கிளம்பும்போது சைக்கிள் தள்ளாடும். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் கவனிக்கும் கேடன்ஸ் சென்சார் உள்ள வண்டியில் இது இன்னும் மோசம், பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டாருக்கே சேதி போகும். அதுவரை மொத்த எடையும் உங்கள் காலில். மின்சார சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் இருப்பது சகஜம். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் மிதித்த உடனே உதவி வரும், ஆனால் அங்கேயும் குறைந்த கியரில் கிளம்புவதே நல்லது.

வேகம் கூடும்போது இன்னொன்று நடக்கும். பல நாடுகளில் மணிக்கு 25 கிலோமீட்டரோடு மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த வேகத்தைத் தாண்டியதும் சைக்கிள் திடீரென்று கனக்கும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கியர் குறைத்து 24-இல் போனால் மோட்டார் மறுபடி கூட வரும்.

பின்னால் ஒரே ஒரு பற்சக்கரம் மட்டும் இருந்து, கியரெல்லாம் ஹப்புக்குள்ளேயே இருக்கும் சைக்கிளாக இருந்தால் விதி தலைகீழ். அதில் நின்றுகொண்டே மாற்றலாம், ஓடும்போது மாற்றினால் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்த வேண்டும். நீங்கள் சொன்ன சத்தத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அதுவாக இருக்காது.

காலைத் தளர்த்தி மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் சைக்கிளைப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகும் 'டிக் டிக்' என்று உரசிக்கொண்டே இருந்தால், அல்லது பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கியர் கேபிள் தளர்ந்திருக்கலாம். புது சைக்கிளில் முதல் சில வாரங்களில் கேபிள் தளர்வது வழக்கம்தான். கேபிள் ஷிஃப்டருக்குள் அல்லது பின்னால் டீரெய்லருக்குள் (செயினைப் பற்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு சிறிய உருளை இருக்கும். அதை வெளியே வரும் திசையில் கால் சுற்று திருகி, ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. டீரெய்லரில் எச், எல் என்று குறியிட்ட இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும்; அவற்றைத் தொடாதீர்கள். செயின் எந்த எல்லை வரை போகலாம் என்பதை அவை தீர்மானிக்கின்றன. தப்பாகத் திருகினால் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் போய் விழும்.

மாற்றாமலேயே, ஓங்கி மிதிக்கும்போது மட்டும் செயின் நழுவி 'டக்' என்று தாவினால் அது தேய்மானமாக இருக்கலாம். புது வண்டியில் இப்போதைக்கு வராது, ஆனால் அளக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அங்குலம் காட்டும் அளவுகோலைச் செயினில், கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (சிறிய ஆணியின்) நடுவில் 0 வருமாறு வையுங்கள். புதுச் செயினில் அங்கிருந்து 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின் பற்சக்கரங்களும் தேய்ந்து, அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.