டோலோஸ் கற்களுக்கு நடுவே ஏன் இத்தனை பொந்து? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள ஈஸ்ட் லண்டன் போயிருந்தோம். துறைமுகத்து அலைத்தடுப்பில் டோலோஸ் என்னும் கான்கிரீட் கற்கள் குப்பை மாதிரிக் கிடக்கின்றன. ஒன்றுகூட நேராக இல்லை, நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்துகள். இத்தனை கான்கிரீட்டுக்கு ஒரு நேர்ச்சுவரே எழுப்பியிருக்கலாமே? பொந்துகளையாவது அடைக்கலாமே? பெரிய அலை வருமென்றால் இன்னும் பெரிய டோலோஸாகப் போட்டால் தீர்ந்ததா? இங்கே டர்பனில் வேறு, மணல் வாரும் கப்பலுக்கு ஓய்வே இல்லை. ஒரே தடவையில் ஆழமாக வாரி முடித்தால் என்ன?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அடைக்கச் சொல்லும் அந்தப் பொந்துகள்தான் அங்கே வேலை செய்கின்றன. சரியாக வைத்த டோலோஸ் அடுக்கில் சுமார் 56 சதவீதம் வெற்றிடம். பாறை அடுக்கில் 37தான். அலை அந்தச் சந்துகளுக்குள் பாய்ந்து, சுழன்று, நுரைத்து, வேகத்தை அங்கேயே தொலைக்கிறது. நேர்ச்சுவரில் பட்டால் அப்படியே திரும்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து சுவரடியில் ஏறக்குறைய இரட்டை உயரத்துக்கு எழும். அந்தக் கொந்தளிப்பு அடிமணலைத் தோண்டும். அடி போனால் சுவர் சாயும். அலை உடையாத ஆழமும் உறுதியான தரையும் இருந்தால் நேர்ச்சுவர் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். உடைகிற அலைக்கு எதிரே கட்டுவது வம்பு.

பொந்தை அடைப்பது அதைவிட வம்பு. அலை ஏறும்போது தண்ணீர் தடுப்பின் உள்ளேயும் புகுந்துவிடும். அலை பின்வாங்கியதும் உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியே வரப் பார்த்து, கற்களைப் பின்னாலிருந்து தள்ளும். வழி இருந்தால் சந்துகளில் வடிந்துவிடும். கான்கிரீட் ஊற்றி மூடியிருந்தால், கொதிக்கும் பானை மூடியைத் தூக்குவது போல அதைத் தூக்கிவிடும். பழுது பார்க்கிறேன் என்று இப்படி மூடிக் கெடுப்பதுண்டு.

டோலோஸ் பிறந்ததே நீங்கள் பார்த்த ஈஸ்ட் லண்டனில்தான். முன்பு அங்கே 41 டன் செவ்வகக் கட்டைகள் இருந்தன. 1963 புயலில் பாதிக்கு மேல் போய்விட்டன. துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்டும் வரைவாளர் ஆப்ரி க்ரூகரும் அதன் பிறகு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். யாருடைய யோசனை என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. காப்புரிமை வாங்கவில்லை, அதனால் உலகமே எடுத்துக்கொண்டது. வடிவம் எளிது: நடுத்தண்டின் ஒரு முனையில் நிற்கும் கால், மறுமுனையில் படுத்த கால். ஒன்றின் கால் இன்னொன்றின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். எடையை விடப் பிணைப்பை நம்பி நிற்கிற கல் இது.

பிணைப்பின் மதிப்பு என்ன என்பதற்கு, தடுப்புக் கல்லின் எடையைக் கணக்கிட உதவும் ஹட்சன் சூத்திரத்தில் ஒரு கணக்கு. தேவைப்படும் கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: உயரம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. 1:2 சரிவில், அலை 5 மீட்டர் என்றால் ஒரு பாறை சுமார் 10 டன். 6 மீட்டருக்கு 18 டன். 2007 மார்ச் 19 அன்று ரிச்சர்ட்ஸ் பே கடலில் பதிவானது போல 8.5 மீட்டர் வைத்தால் 51 டன்! குவாரியில் அந்த அளவுப் பாறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் எந்த டம்பரில் ஏற்றுவது? அதே அலைக்கு டோலோஸ் 19 டன் போதும் என்று கணக்கு சொல்லும்.

அப்படியென்றால் 40 டன் டோலோஸ் எந்த அலையையும் தாங்கும் என்று தோன்றும். போர்ச்சுகலில் சீனிஷ் துறைமுகத்தில் அப்படித்தான் தோன்றியது. 42 டன் டோலோஸ்கள், 1978 பிப்ரவரி. வடிவமைத்த அலையை எட்டாத புயலிலேயே பெரும்பகுதி நொறுங்கியது. அளவை இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, தண்டின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். கான்கிரீட்டின் இழுவிசைத் தாங்குதிறன் அப்படியே நிற்கும். ஆக, பெரிதாகப் பெரிதாக டோலோஸ் தன் எடையிலேயே முறியும். அலையில் லேசாக ஆடினாலே போதும். ஆய்வகத்தில் அலை எழுப்பிச் சோதிக்கும் மாதிரித் தொட்டியில் இது தெரியாது: தொட்டியில் வைக்கும் கையடக்க டோலோஸ் அதன் அளவுக்கு மிக உறுதியானது, உடையாது. நம் நாட்டு ஸ்டெல்லன்பாஷ் அலை ஆய்வகமானாலும் வேறெதுவானாலும், கல் எவ்வளவு ஆடுகிறது என்று தனியாக எண்ண வேண்டியிருப்பது இதனால்தான். கம்பி போடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். அதோடு செலவும்.

வார்ப்பிலும் விரிசல் விழும். சிமெண்ட் இறுகும்போது உள்ளே சூடு ஏறும், வெளிப்பக்கம் ஆறிவிடும், தண்டும் காலும் சேரும் மூலையில் கோடு விழும். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பறக்கும் சாம்பலோ (நிலக்கரி எரித்த நுண்சாம்பல்) இரும்பு உருக்கும் ஊதுலைக் கசடோ கலப்பது, குளிர்ந்த தண்ணீரில் பிசைவது, அச்சு கழற்றியதும் ஈரச் சாக்கு போட்டு மூடுவது, போதிய வலு ஏறும் வரை கிரேன் கொக்கி மாட்டாமல் இருப்பது: இதில் எது தவறினாலும் அந்தக் கல் கடலில் முதல் குளிர்காலத்திலேயே காலை இழக்கலாம். உடைந்த கால் அடுத்த கற்களை இடிக்கும் சம்மட்டி. அடுத்த முறை போனால் நீர்மட்டத்தை ஒட்டிய வரிசையைப் பாருங்கள், அதிகம் உடைவது அங்கேதான்.

டோலோஸ் கற்கள் குப்பையாகக் கொட்டப்பட்டவையும் அல்ல. உள்ளே குவாரியின் கலப்புக் கற்களால் ஆன கரு, அதன்மேல் மேற்கல்லை விடப் பல மடங்கு எடை குறைந்த பாறை அடுக்கு, அதற்கும் மேலேதான் டோலோஸ், அடியில் வழுகாமல் பிடிக்கப் பாதக்கற்கள். பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொன்றையும் கிரேனில் இறக்குகிறார்கள். கரு மட்டும் நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்போது புயல் வந்தால் ஒரே இரவில் போய்விடும்.

டர்பன் மணல் விஷயம் சுருக்கமாக. அங்கே அலையின் போக்கு வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 10 கன மீட்டர் லாரியில் ஏற்றினால் ஒரு நாளைக்கு 137 லாரி. துறைமுக வாயிலின் தெற்கு அலைத்தடுப்பு அதை மறிக்கிறது. நீங்கள் எவ்வளவு ஆழம் வாரினாலும் பின்னால் வரும் மணல் அந்தக் குழியை நிரப்பும். வாரிய மணலைக் குழாய் வழியே வடக்குக் கடற்கரைக்குத் தள்ளவும் வேண்டும், இல்லையென்றால் கோல்டன் மைல் என்னும் அந்தக் கடற்கரை மெலியும். மெட்ராஸ் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றதும் இதே கணக்குதான்.