மான்குட்டி தனியாகப் படுத்திருந்தால் தொடாதீர்கள்

நியூ ஜெர்சியில் உங்களுக்கு இது முதல் கோடை, பின்புறப் புல்லில் மான்குட்டி ஒன்று காலையிலிருந்து தனியாகப் படுத்திருக்கிறது, தாயைக் காணோம், பால் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தூக்கவே தூக்காதீர்கள்.

தாய் அதைக் கைவிட்டுப் போகவில்லை. இங்குள்ள வெள்ளைவால் மான் மே கடைசி, ஜூன் வாக்கில் குட்டி போடும், பெரும்பாலும் இரண்டு. முதல் சில வாரம் அவற்றால் கயோட்டியிடமிருந்து (ஓநாய் மாதிரி இருக்கும் காட்டு விலங்கு) ஓடித் தப்ப முடியாது, அதனால் தாய் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் படுக்கவிட்டுத் தள்ளிப்போய் மேயும். குட்டியிடம் வாடை மிகக் குறைவு. தாய் பக்கத்திலேயே நின்றால் அதன் வாடைதான் காட்டிக்கொடுக்கும். நாளுக்குச் சில தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும், நீங்கள் அங்கேயே நின்று காவல் காத்தால் அது வருவதுதான் தள்ளிப்போகும். குட்டி நாள் முழுக்கக் கத்தி அலைந்தாலோ, காயம் இருந்தாலோ, பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தாலோ மட்டும் உரிமம் உள்ள வனவிலங்குப் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே எடுத்து வளர்த்தால் சட்டப்படி குற்றம்.

புள்ளியைப் பார்த்துக் கிண்டியில் பார்த்த புள்ளிமான் என்று நினைக்காதீர்கள், அதற்கு ஆயுசுக்கும் புள்ளி இருக்கும், இதற்கு இலையுதிர் காலத்துக்குள் மறைந்துவிடும்.

தோட்டம் போடுவதாக இருந்தால் எட்டடி வேலி போடுங்கள். சோப்பைக் கட்டு, முடியைத் தூவு என்பார்கள், பசித்த மான் அதையெல்லாம் மதிக்காது. மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அது செடியைப் பிய்த்துத்தான் தின்னும். தண்டு நார்நாராகக் கிழிந்திருந்தால் மான், கத்தியால் சீவியதுபோல் இருந்தால் முயல்.

எனக்கு இதைவிடக் கவலை நவம்பர்தான். இணைசேரும் பருவம், ஆண் மான் பெட்டையைத் துரத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ரோட்டில் பாயும், அந்த மாதத் தொடக்கத்தில் கோடைக்கால நேரம் முடிந்து இங்கே கடிகாரத்தையும் ஒரு மணி பின்னால் தள்ளுவதால் நீங்கள் ஆபீஸ் முடிந்து திரும்பும் நேரமும் மான் நடமாடும் அந்தி நேரமும் ஒன்றாகிவிடும். ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று எதிரில் வந்துவிட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராக பிரேக் போடுங்கள். மரத்திலோ எதிர் வண்டியிலோ மோதுவது மான்மேல் மோதுவதைவிட மோசம்.

சரி, பிள்ளைகள் அந்தப் புல்லில் விளையாடினால் அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம்.