போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா?

கேள்வி: சென்னையில் அக்கா மகள் கல்யாணம். டிக்கெட்டில் இரவு 9.00க்குக் கோலாலம்பூரில் கிளம்பி 10.30க்குச் சென்னையில் இறங்கும் என்று இருக்கிறது. திரும்பும்போது இரவு 11.30க்குக் கிளம்பி, காலை 6.00க்குத்தான் இங்கே வருமாம். ஒரே தூரம்தானே, விமானம் எங்காவது சுற்றிக்கொண்டு வருகிறதா? மகனோ 2,600 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் போதும் என்கிறான்.
- கிள்ளான் வாசகி

பதில்: சுற்றவெல்லாம் இல்லை. கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி, டிக்கெட்டில் அப்படித்தான் போடுவார்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதைப் போகும்போது கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள், இரண்டுமே நாலு மணி நேரம்தான். (வீட்டில் பெரியவர்கள் யாராவது "வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தானே" என்று அடம்பிடித்தால் அவர்கள் சொல்வதும் ஒரு காலத்துக்குச் சரி. 1982 பிறந்தபோதுதான் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.)

உங்கள் மகன் கணக்கு வானத்துக்குப் பொருந்தும், மலாக்கா நீரிணை தாண்டி, சுமத்திராவின் வடமுனையை ஒட்டி, வங்கக் கடல் மேலே மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் பறக்கிறவரைக்கும். ஆனால் கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கிற சிப்பாங்கில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, சென்னைக்கு முன்னாலேயே வேகம் குறைத்து இறங்குவது, அப்புறம் கதவு திறக்கிற இடம்வரை உருள்வது எல்லாம் அந்த நாலு மணிக்குள்தான் அடக்கம்.

என் பெரியம்மா கைக்கடிகாரத்தை மாற்றாமலே ஊருக்குப் போய் வந்தவர். சென்னை விமான நிலையத்தில் காத்திருந்தவர் கையைப் பார்த்தால் மணி இரண்டு, "ஐயோ, பிளைட் போயிடுச்சு!" என்று முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அங்கே மணி பதினொன்றரை, வரிசையே அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது.

ஒன்று மட்டும் கவனம்: சனி இரவு ஏறினால் இங்கே இறங்குவது ஞாயிறு காலை. லீவு எழுதும்போது தேதியைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் பினாங்கு. சென்னைக்குக் கோலாலம்பூர் போய் ஏறுவது கிட்டமா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: கிட்டமே இல்லை! பினாங்கிலிருந்து சென்னை 2,400 கிலோமீட்டருக்குள்தான். நீங்கள் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, அங்கே காத்திருந்து, மறுபடி வடமேற்கே ஏறுகிறீர்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்களை ஊருக்கு ஏற்றிப்போன ரஜூலா கப்பல்கூட சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் பினாங்கை முடித்துக்கொண்டுதான் நாகப்பட்டினத்துக்குக் கடலைக் கடந்தது. நேர் விமானம் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.