ஆற்றுப்படுத்துநரின் களைப்பு – கடிதம்

வணக்கம் சார்,

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சலிங் தருபவராக இருக்கிறேன். போக்சோ வழக்குகளில் குழந்தைகளோடு காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று போய்வரும் வேலை. மன அழுத்தம் குறைய ஆன்லைன் பயிற்சி ஒன்றை முடித்து, சர்டிஃபிகேட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அஞ்செட்டிப் பக்கம் ஃபீல்டு முடித்து வீட்டுக்கு வந்து, சமைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதைத் திறக்க முடிகிறது. என் மகளுக்குப் பதிமூன்று வயது. அவளுக்குத் தலை பின்னும்போது ஒரு வழக்கில் கேட்டது ஞாபகம் வந்து கை அப்படியே நின்றுவிடுகிறது. வீடியோ பார்த்தால் இது போகுமா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லை என்று நினைக்கிறேன். தலை பின்னும்போது கை நிற்பது ஒன்று. அடுத்தவர் பட்ட கொடுமையைக் கேட்டுக் கேட்டு, அது நம் கண்முன் நடந்ததுபோல வந்து நிற்பது. மனதைத் திறந்து கேட்பவர்களுக்குத்தான் இது வரும். சார்லஸ் ஃபிக்லி போன்ற உளவியலாளர்கள் தொண்ணூறுகளிலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். பத்து மணிக்குப் போனைத் திறக்கும்போது வரும் அலுப்பு வேறு. அது பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்றுதான் வரையறுத்தது. இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வரும்.

எது எவ்வளவு என்று பார்க்க, உளவியலாளர் பெத் ஸ்டாம் உருவாக்கிய புரோக்வால் (ProQOL) என்ற படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 30 வாக்கியங்கள். கடந்த 30 நாட்களில் இப்படி எத்தனை முறை தோன்றியது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். அலுப்பையும், கேட்டது கண்முன் வந்து நிற்பதையும் தனித்தனியாகக் காட்டும். இந்த வேலையில் உங்களுக்குக் கிடைக்கும் நிறைவையும் கணக்கில் எடுக்கும். அந்த எண்ணைத் தவறாமல் பாருங்கள்.

பயிற்சியால் பலன் உண்டா? உண்டு. நல்ல பயிற்சி மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதோடு நிற்காது. போலந்தில் ரோமன் சியெஸ்லாக் குழுவினர் இப்படிப்பட்ட பணியாளர்களுக்கென்றே செய்த இணையப் பயிற்சி, 'இதை என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கையை வளர்ப்பதையே மையமாக வைத்தது. கஷ்டமான ஒரு வழக்கை எப்படிக் கடந்தோம் என்று நாமே உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது, யாரிடம் என்ன உதவி கேட்பது என்று யோசித்து வைப்பது, இதெல்லாம் அந்த நம்பிக்கையைக் கூட்டும். வீடியோவை ஓடவிட்டு சர்டிஃபிகேட் எடுத்தால் ஒன்றும் நடக்காது. இணையப் பயிற்சிகளில் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம் என்பது எங்குமே உள்ள பிரச்சினை. அஞ்செட்டி மலைப்பாதையில் அலைந்துவிட்டு வந்தவர் விட்டுவிட்டால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ பதிய வேண்டும், பதியும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள்! அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பவருக்கு, அவர் சமைத்து முடித்த பிறகு ஒரு வீடியோ. வேலையால் வந்த களைப்புக்கான பயிற்சியை வேலை நேரத்தில்தான் தர வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. கூடவே மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து உங்கள் வழக்குகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஒருவர் தலையில் இத்தனை வழக்கைக் கட்டினால் எந்தப் பயிற்சியும் தாங்காது, ஆள் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதைத் தனியாகக் கேட்காதீர்கள். உங்களோடு வேலை செய்கிற நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேராக உட்கார்ந்து பயிற்சியைச் செய்ய முடியுமா என்றும் பாருங்கள். குழந்தையின் பெயர், ஊர் எதுவும் சொல்லாமல், உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், தூக்கம் கெட்டு, மகள் பக்கத்தில் போகவே தயக்கமாக இருப்பது வாரக்கணக்கில் நீடித்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம்தான், எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் பார்க்க நினைத்தால் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தெரிந்தவர்கள் கண்ணில் படுமே என்றிருந்தால், ஓசூர் தாண்டினால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை.