நிறம் சேறாகிறதா? கறுப்பும் ஒரு சிவப்பும் போதும்

செம்பருத்தி வரைந்தால் இலையும் பூவும் கலந்து சேறு மாதிரி ஆகிவிடுகிறது, 24 நிறப் பெட்டி வாங்கியும் தீரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். சி பாய்ஷியின் (1864–1957) பூக்களைத் தேடிப் பாருங்கள். ஹூனான் பக்கம் தச்சு வேலையில் தொடங்கிய சீன ஓவியர். அவருடைய பல படங்களில் இலை முழுக்கக் கறுப்பு மை, பூ மட்டும் பளீர் சிவப்பு, பச்சை ஒரு துளிகூட இருக்காது, ஆனாலும் நம் கண் அதை இலையாகவே எடுத்துக்கொள்ளும், எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான்!

முதலில் கறுப்பு மட்டும். தண்ணீர் கூட்டிக் கூட்டி ஐந்து கிண்ணத்தில் ஐந்து அடர்த்தி கலந்துகொள்ளுங்கள். மையிலேயே ஐந்து நிறம் உண்டு என்பது சீனர்களின் பழைய பேச்சு. வெளிர் மையில் இலையை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அது முழுதாகக் காய்வதற்குள் அடர் மையில் நரம்பை இழுங்கள், ஓரம் லேசாகக் கசிந்தால் விடுங்கள், திருத்தப் போகாதீர்கள். அப்புறம் நன்றாகக் காய்ந்தபின் சிவப்பு. அதற்குத் தனித் தூரிகை, தனித் தண்ணீர். உங்கள் சேறு பெரும்பாலும் அந்த ஒரே டம்ளர் தண்ணீரில்தான் உருவாகிறது என்று நினைக்கிறேன். பத்து இலை போட்டதும் படத்தை இங்கே காட்டுங்கள்.