பின்சக்கரம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. 15 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்ததால் கனரக வாகன உரிமத்துக்காக லாரியும் ட்ரெய்லரும் பழகுகிறேன். திருப்பத்தில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிடுகிறது. ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எந்தப் பக்கம் திருப்புவது என்றே குழம்பிப்போகிறேன். ஏர் பிரேக் பற்றிக் கேட்டாலும் வாய் அடைத்துவிடுகிறது. பயிற்சியாளர் கத்துகிறார். முதல் தேர்வில் தோற்றுவிட்டேன். என்னோடு சேர்ந்த 22 வயதுப் பையன் ஒரே முயற்சியில் தேறிவிட்டான். 3 வாரத்தில் மறுதேர்வு. இந்த வயதுக்கு மேல் இது வராது என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். லாரி ஓட்டிப் பிழைத்து, பிறகு பல ஆண்டுகள் பழகுபவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் சிக்கலுக்கு வயது காரணமில்லை. 15 ஆண்டுக் கார் பழக்கம்தான் காரணம். அந்தப் பையனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. காரில் முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் ஏறத்தாழ வந்துவிடும். அதனால் பின்சக்கரம் என்று ஒன்று இருப்பதையே நினைக்காமல் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறீர்கள். லாரியில் அதை நினைக்காமல் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. திருப்பத்தில் வரும் தவறும் ரிவர்ஸில் வரும் குழப்பமும் இந்த ஒரே வேரிலிருந்து கிளம்புபவை.

திருப்பத்தை முதலில் பார்ப்போம். எந்த வண்டியும் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். எவ்வளவு வெட்டும் என்பது இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் வளைவதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுகளுக்கு நடுவே 2.6 மீட்டர் இருக்கும் காரில் பின்சக்கரம் 30 செ.மீ. அளவுக்கு உள்ளே வரும். 6 மீட்டர் இருக்கும் லாரியிலோ, அதே வளைவில் 1.6 மீட்டர் உள்ளே வரும். ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் அது. ட்ரெய்லர் பூட்டிவிட்டால் இன்னும் கூடும்.

இதைக் காகிதத்தில் படித்தால் மனத்தில் நிற்காது. பயிற்சித் திடலில் காய்ந்த தரையாகப் பார்த்து ஒரு வாளித் தண்ணீரை அகலமாக ஊற்றச் சொல்லுங்கள். சக்கரங்களை அந்த ஈரத்தில் ஏற்றி, உடனே ஒரு முழுத் திருப்பம் திருப்பி நிறுத்துங்கள். இறங்கி வந்து பாருங்கள். இரண்டு ஈரத் தடங்கள் ஒன்றாகக் கிளம்பி, வளைவில் பிரிந்து, நடுவில் பிறைபோல ஓர் இடைவெளி விட்டு, மறுபடி சேர்வதற்குள் காய்ந்துபோயிருக்கும். அந்தப் பிறைக்குள் குந்தி உட்கார்ந்து அதன் அகலத்தைக் கையால் அளந்து பாருங்கள். நான் கற்றுக்கொடுத்தவர்களில் பலருக்கு, பத்து நாள் பேச்சில் விளங்காதது அந்த ஈரத்தில் விளங்கியது.

அடுத்து, எப்போது திருப்புவது என்ற கேள்வி. மூக்கு இல்லாத தட்டை முகப்பு லாரியில் நீங்கள் உட்கார்ந்திருப்பது முன்சக்கரத்துக்கும் முன்னால். தெருமுனை உங்கள் தோளுக்கு நேராக வந்ததும் கார் பழகிய கை தானாகத் திருப்பத் தொடங்கும். அப்போது சக்கரம் இன்னும் முனையைத் தொட்டிருக்கவே இருக்காது. கையை அடக்குங்கள். நேராக இன்னும் உள்ளே போய், பிறகு ஒடித்துத் திருப்புங்கள். திருப்பத் தொடங்கியதும் கண்ணைத் திரும்பும் பக்கத்து வெளிக்கண்ணாடிக்குக் கொண்டுபோய், பின்சக்கரம் முனையைத் தாண்டும் வரை சாலைக்கும் கண்ணாடிக்குமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருங்கள். திரும்புவதற்கு முன்பே எதிர்ப்பக்கமாக அகல ஒதுங்கி இடம் விடும் பழக்கம் வேண்டாம். அந்த இடைவெளியில் சைக்கிளோ ஸ்கூட்டரோ நுழைந்துவிடும். இடம் போதவில்லை என்றால், எந்தச் சாலைக்குள் நுழைகிறீர்களோ அந்தச் சாலையின் அகலத்தை, எதிரே வண்டி இல்லாததைப் பார்த்துக்கொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி திருப்பத்தின்போது வெளிப்பக்கமாக வீசும் என்பதையும் மறக்கக் கூடாது. உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து வெளிப்பக்கக் கம்பத்தில் இடித்தவர்கள் உண்டு.

ஓரக்கல்லில் ஏறுவதை ஒரு மதிப்பெண் குறைவாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் உரிமம் வாங்கிய புதிதில் ஒரு முனையில் திரும்பிப் போய், அடுத்த வளைவு வரை ஓட்டியும்விட்டேன். பின்னால் யாரோ கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால், ஓரக்கல்லில் சாய்த்து வைத்திருந்த ஒரு சிறுவனின் சைக்கிள் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அதிர்வுகூட எனக்குத் தெரியவில்லை. சிறுவன் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. அன்றிலிருந்து ஒரு திருப்பத்தில்கூட அந்தக் கண்ணாடியை விட்டு என் கண் போனதில்லை.

இனி ரிவர்ஸ். ட்ரெய்லர் இல்லாத லாரிக்குக் காரின் கணக்கே சரி. ட்ரெய்லர் பூட்டியதும் கணக்கு தலைகீழாகிறது. ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியின் பின்புறம் ஒரு பக்கம் போனால், அது ட்ரெய்லரின் தலையை அந்தப் பக்கம் தள்ளும், வால் எதிர்ப்பக்கம் போகும். உங்கள் மூளை குழம்புவது இங்கேதான், குழம்பாத மூளையும் கிடையாது. இடம் வலம் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவதை விட்டுவிட்டுக் கையின் இடத்தை மாற்றுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தை, ஒரு கையால் பிடியுங்கள். ட்ரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகக் கையை நகர்த்துங்கள். வால் அங்கே போகும். இதில் தலைகீழ்க் கணக்கே இல்லை.

நேராக ரிவர்ஸ் எடுக்கும்போது வேறொரு வழி கைகொடுக்கும். இரண்டு கண்ணாடிகளிலும் ட்ரெய்லரின் பக்கவாட்டு ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒன்றில் அது பெருத்துக்கொண்டு வந்தால், ஸ்டியரிங்கின் மேல்பகுதியை அந்தக் கண்ணாடி இருக்கும் பக்கமே திருப்புங்கள், நேராகும். மேல்பகுதியா அடிப்பகுதியா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பழகாமல், ஒன்று கைக்கு வந்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

பழகுபவர்கள் ஒருவர் விடாமல் செய்யும் தவறு, தாமதமாகவும் அதிகமாகவும் திருப்புவது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ட்ரெய்லர் உடனே அசையாது. அசையவில்லையே என்று இன்னும் திருப்புவார்கள். பிறகு மொத்தத் திருப்பமும் சேர்ந்து வந்து முன்வண்டியும் ட்ரெய்லரும் மடக்குக் கத்திபோல மடங்கிவிடும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, ட்ரெய்லர் மடங்கத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து முன்வண்டியை அதன் பின்னாலேயே போகவிட வேண்டும். வேகம், மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். சமதரையில், கிளட்சை முழுவதும் விட்டு எஞ்சின் தானாக இழுக்கும் வேகமே போதும். மடங்கல் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பின்னால் போய்க்கொண்டே அதைச் சரிசெய்ய முடியாது, முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்ள வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஓட்டுநர்கள் கூசாமல் முன்னால் எடுப்பவர்கள், கூசாமல் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வருபவர்கள். தேர்வில் எத்தனை முறை முன்னால் எடுக்கலாம், எத்தனை முறை இறங்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்குள் பழகுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, கேபினைப் பார்த்தபடி, எப்போதும் இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்குங்கள். குதிக்காதீர்கள்.

வண்டி கிடைக்காத நாளில் இரண்டு தீப்பெட்டிகளை ஒரு குண்டூசியால் கோத்து மேசையில் வைத்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டுபோலத் தெரியும். எந்தக் கோணத்துக்கு மேல் மீளாது என்பதை விரல் கற்றுக்கொள்ளும்.

கியரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். ஆட்டோமேடிக் வண்டியில் தேர்வு எழுதினால் சில நாடுகளில் உரிமம் அதற்கு மட்டுமே செல்லும். எந்த வண்டியில் தேர்வு என்பதை இதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஏர் பிரேக் பற்றிய கேள்விக்கு மனப்பாடம் செய்யாதீர்கள், அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காரில் மிதியை அழுத்தினால் திரவம் உடனே பிரேக்கைத் தள்ளுகிறது. லாரியில் மிதி ஒரு வால்வைத் திறக்கிறது. டேங்கில் அடைத்து வைத்த காற்று குழாய் வழியாகப் போய் ஒவ்வொரு சக்கரத்தையும் சேர வேண்டும். அதற்கு அரை வினாடி அளவுக்கு ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அரை வினாடி என்பது 11 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி கடந்துவிடும் தூரம் இது. முன்னால் போகும் வண்டியிலிருந்து ஏன் அவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பார்க்கிங் பிரேக் இதற்கு நேர்மாறு. அதைப் பிடிப்பது ஒரு வலிமையான ஸ்பிரிங், காற்று அதை விடுவிக்க மட்டுமே பயன்படுகிறது. அதனால்தான் காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் வண்டி நகராது, அழுத்தம் ஏறும் வரை பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். ஓடும்போது காற்று கசிந்தால் அழுத்தம் 4 அல்லது 5 பார் (bar, காற்றழுத்த அலகு) அளவுக்கு இறங்கும்போது பல லாரிகளில் அதே பஸ்ஸர் எச்சரிக்கும். மேலும் இறங்கினால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸர் கேட்டதும் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைப்பது கூடாது. மிதியைத் திரும்பத் திரும்ப அமுக்கி விட்டால் காற்று வீணாகும் என்பதும் இதோடு சேர்ந்தே விளங்கிவிடும்.

இறக்கத்தில் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிரேக் அதற்குத் துணை மட்டுமே. பிரேக்கையே நம்பி இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும், உராய்வும் குறையும், மிதி இருந்தும் பிரேக் இருக்காது. எந்த இறக்கத்திலும் நியூட்ரலில் போகாதீர்கள்.

தேர்வுக்கு முன் வண்டியைச் சுற்றி வரச் சொல்வார்கள். இதைச் சடங்காகச் செய்பவரையும் உண்மையாகப் பார்ப்பவரையும் தேர்வாளர் பத்து அடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இரட்டைச் சக்கரத்தின் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உள்சக்கரம் காற்றில்லாமல் இருந்தாலும் வெளியே தெரியாது, கம்பியால் தட்டிப் பார்த்தால் சத்தம் மந்தமாக வரும். வீல் நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம். கேபினுக்கு நேர் முன்னே, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு குழந்தை முழுதாக மறைந்துபோகும் இடம் இருக்கிறது. அந்த வழியாக நடந்து வந்து கடைசியில் கேபினில் ஏறுங்கள்.

பயிற்சியாளர் கத்துவது. அவர் பயத்தில் கத்துகிறார் என்று நினைக்கிறேன், ஆனால் அது உங்களுக்கு உதவவில்லை. வண்டி நிற்கும்போது, அமைதியாக, இரண்டு வேண்டுகோள் வையுங்கள். "இடம்", "வலம்" என்று அவர் சொல்வது ஸ்டியரிங்கையா, ட்ரெய்லரின் வாலையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே இருக்கும். அடுத்து, தினமும் 10 நிமிடம் அவர் பேசாமல் வெளியே நிற்கட்டும், ஆபத்து வந்தால் மட்டும் கையை உயர்த்தட்டும். நீங்களும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கத்தல் கேட்டால் முதலில் வண்டி நிற்க வேண்டும், பிறகுதான் பதில். ஓடும் வண்டியில் இருந்துகொண்டு யாருக்கும் விளக்கம் சொல்லாதீர்கள். இவ்வளவு கேட்டும் அவர் மாறவில்லை என்றால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள். அதில் தவறில்லை.

3 வாரம் போதுமான காலம். முதல் வாரம் திருப்பம் மட்டும். இரண்டாவது வாரம் நேர் ரிவர்ஸ், பிறகு வளைத்து நிறுத்துவது. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் தேர்வின் வரிசையில் செய்துபாருங்கள், முந்தைய நாள் வண்டியைத் தொடாதீர்கள். மற்றவர் ஓட்டும் நேரத்தில் நிழலில் உட்காராமல், வெளியே நின்று பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். மறுதேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். தேறினாலும் தேறாவிட்டாலும், எந்த இடத்தில் பின்சக்கரம் உங்கள் கண்ணாடியை விட்டு மறைந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். அங்கிருந்து மேற்கொண்டு பேசுவோம்.